‘மருந்து’ அதிகாரமும் நம் மாதிரிக் கட்டுரைகளும்

உயர்நிலைப் பள்ளித் தமிழ்ப் பாடத்தில் எந்தப் பக்கம் திரும்பினாலும் எதிரே வந்து நிற்கும் தலைப்பு ‘ஆரோக்கியமான வாழ்க்கைமுறை’. கட்டுரைப் பயிற்சியில் வரும். நண்பனுக்கு அறிவுரை சொல்லும் மின்னஞ்சலாக வரும். வாய்மொழித் தேர்வுக்கான காணொளியில் சிற்றுண்டிச்சாலைக் காட்சியாகவும் வரும். மாணவர்களும் இதைச் சுலபமான தலைப்பு என்றே நினைக்கிறார்கள். என்ன எழுதவேண்டும் என்பது முன்கூட்டியே தெரியும் அல்லவா!

என் சந்தேகம் அங்கேதான் தொடங்குகிறது. இந்தத் தலைப்பில் பத்துக் கட்டுரை எழுதிய ஒரு மாணவனுக்கு, தான் இன்று மதியம் சாப்பிட்டதைப் பற்றித் தமிழில் நான்கு வாக்கியம் சொல்ல வருகிறதா? பல வகுப்புகளில் வருவதில்லை. கட்டுரை ஒரு பக்கம் இருக்கிறது, சாப்பாடு இன்னொரு பக்கம் இருக்கிறது. இந்த இடைவெளி எப்படி வந்தது என்று பார்க்க, பயிற்சி நூல்களில் புழங்கும் மாதிரிக் கட்டுரையையும், அந்தக் கட்டுரைகள் ஓடிப்போய் மேற்கோள் எடுக்கும் திருக்குறளின் ‘மருந்து’ அதிகாரத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படிக்கலாம்.

மாதிரிக் கட்டுரையின் குரல்

எந்த ஒரு நூலையும் சுட்டவில்லை. பொதுவான சாயலைக் காட்ட நானே எழுதிய பத்தி இது:

“‘நோயற்ற வாழ்வே குறைவற்ற செல்வம்’ என்பர் ஆன்றோர். இன்றைய அவசர உலகில் மக்கள் துரித உணவுக்கு அடிமையாகிவிட்டனர். வேலைக்குச் செல்லும் தாய்மார்களுக்குச் சமைக்க நேரமில்லை. பிள்ளைகள் கணினிமுன் அமர்ந்து சோம்பேறிகளாகிவிட்டனர். இதனால் உடல் பருமன், நீரிழிவு, இருதய நோய் போன்றவை ஏற்படுகின்றன. ஆகவே நாம் துரித உணவைத் தவிர்க்க வேண்டும். காய்கறிகளை உண்ண வேண்டும். தினமும் உடற்பயிற்சி செய்ய வேண்டும்.”

இலக்கணப் பிழை இல்லை. பழமொழி இருக்கிறது. சொற்களும் பரவாயில்லை. ஆனால் நிதானமாகப் படித்தால் நான்கு குறைகள் தெரியும்.

முதலாவது, பேசுவது யார் என்றே தெரியவில்லை. பதினைந்து வயதுப் பிள்ளை எழுதியதா, ஐம்பது வயதுப் பேச்சாளர் எழுதியதா? ‘மக்கள்’, ‘பிள்ளைகள்’, ‘நாம்’ என்று மூன்று கூட்டத்தைச் சொல்லியாகிவிட்டது. ‘நான்’ மட்டும் இல்லை.

இரண்டாவது, சாப்பாடு இல்லை. உணவைப் பற்றிய கட்டுரையில் ஓர் உணவின் பெயர்கூட வரவில்லை. வந்தாலும் பர்கர், பீட்சா என்றுதான் வரும். பரோட்டாவும் மீன்கறியும், மீ கோரிங், நாசி லெமாக், ஐஸ் மைலோ, பபிள் டீ, தீபாவளி முறுக்கு எதுவும் கண்ணில் படாது. கெடுதல் எல்லாம் வெளியிலிருந்து வந்தது, நம் வீட்டுச் சமையலில் எண்ணெயும் இல்லை சீனியும் இல்லை என்ற ஒரு பாவனை இதில் ஒளிந்திருக்கிறது.

மூன்றாவது, பழி. வேலைக்குப் போகும் அம்மா மேல் பாதி, சோம்பேறிப் பிள்ளை மேல் மீதி. அப்பா சமைக்கலாம் என்ற எண்ணம் கட்டுரைக்கு வரவே இல்லை. கடைகளில் என்ன கிடைக்கிறது, என்ன விலை, பள்ளி முடிந்து துணைப்பாட வகுப்பு வரை பிள்ளைக்கு எத்தனை நிமிடம் இருக்கிறது என்ற கேள்விகளும் இல்லை.

நான்காவது, வினைச்சொல். ‘தவிர்க்க வேண்டும்’, ‘உண்ண வேண்டும்’, ‘செய்ய வேண்டும்’ என்று எல்லாமே கட்டளை. எப்படித் தவிர்ப்பது, எவ்வளவு உண்பது என்று ஒரு சொல் இல்லை.

குறளில் வரும் வினைச்சொல்

இப்போது 95ஆம் அதிகாரத்துக்கு வருவோம். 941 முதல் 950 வரை பத்துக் குறள்கள். முதல் குறள் உடலின் சமநிலையைப் பேசுகிறது. அடுத்த ஆறும் (942 முதல் 947 வரை) சாப்பிடும் முறையைச் சொல்கின்றன. கடைசி மூன்றுதான் நோயையும் மருத்துவரையும் பற்றியவை. ‘மருந்து’ என்று பெயர் வைத்துவிட்டு, மருந்து வேண்டாமல் இருக்கும் வழிக்கே வள்ளுவர் பெரும்பகுதியைக் கொடுத்திருக்கிறார். இதை எல்லாரும் சொல்வோம். கவனிக்க இன்னும் சில உண்டு.

அந்த ஆறு குறளிலும் ஓர் உணவின் பெயரும் இல்லை. இதைத் தின்னு, அதைத் தின்னாதே என்ற பட்டியலே கிடையாது. மாதிரிக் கட்டுரையிலும் பெயர் இல்லையே, அதைக் குறை சொன்னோமே என்று கேட்கலாம். வேறுபாடு உண்டு. பட்டியலுக்குப் பதிலாகக் குறள் சில கேள்விகளைக் கொடுக்கிறது. முன்பு சாப்பிட்டது செரித்துவிட்டதா? நன்றாகப் பசிக்கிறதா? இந்த உணவு என் உடம்புக்கு ஒத்துக்கொள்ளுமா? எனக்கு எவ்வளவு போதும்? இந்தக் கேள்விகளை இட்லிக்கும் கேட்கலாம், பர்கருக்கும் கேட்கலாம். அதனால்தான் பர்கரைக் கண்டிராத காலத்து நூல் பர்கர் சாப்பிடும் பிள்ளைக்கும் பயன்படுகிறது.

அடுத்தது சொல்லாட்சி. 942, 943, 944 என்று அடுத்தடுத்த மூன்று குறளிலும் செரித்ததைக் குறிக்கும் ‘அற்று’ என்னும் சொல் வெவ்வேறு வடிவில் திரும்பத் திரும்ப வருகிறது. ‘அளவு’ என்ற சொல் 943, 947, 949 ஆகிய குறள்களில் வருகிறது. இவற்றோடு 943, 944, 946 மூன்றிலும் ‘அறிந்து’ வருகிறது. 947இல் அதற்கு எதிர்மறையாக, அளவு தெரியாமல் மிகுதியாக உண்பவன் காட்டப்படுகிறான். மாதிரிக் கட்டுரையின் மைய வினை ‘தவிர்’. இந்த அதிகாரத்தின் மைய வினை ‘அறி’. உணவுநலத்தைப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்க இந்த இரண்டில் எது உதவும் என்று நான் விளக்கத் தேவையில்லை.

மூன்றாவதாக, அதிகாரம் இருக்கும் இடம். இது அறத்துப்பாலில் இல்லை, பொருட்பாலில் இருக்கிறது. அதிகம் சாப்பிடுவதை வள்ளுவர் பாவம் என்று எண்ணவில்லை, அறிவுக் குறைவாகப் பார்க்கிறார் என்று இதைக் கொண்டு வாதிடலாம். ஆனால் கள்ளுண்ணாமை, சூது இரண்டையும் அடுத்துத்தான் இந்த அதிகாரம் வருகிறது என்பதையும் மறைக்கக்கூடாது. கட்டுப்பாடு இழத்தல் என்ற கவலை இங்கும் தொடர்கிறது. 946இல் பெருந்தீனி தின்பவனைக் குறிக்க ‘இரை’ என்ற சொல்லிலிருந்தே ஒரு பெயர் கொடுக்கிறார். விலங்கின் உணவைச் சொல்லும் சொல் அது. கேலி இருக்கிறது, இல்லை என்று சொல்ல முடியாது.

இருந்தாலும் அந்தக் கேலி ஒரு செயலைப் பார்த்துச் செய்யும் கேலி. பத்துக் குறளிலும் உடம்பின் பருமனைப் பற்றி ஒரு வார்த்தையும் இல்லை. ஒல்லி, குண்டு, அழகு, அசிங்கம் எதுவும் இல்லை. வகுப்பறையில் இது மிக முக்கியம்; கீழே மறுபடியும் இதற்கு வருகிறேன்.

குறள் போதாத இடங்கள்

ஒரு நூலைப் போற்றும்போது அது செய்யாததையும் சொல்லிவிட வேண்டும். இல்லாவிட்டால் மாணவர்கள் மேற்கோளை மந்திரம்போல் ஒட்டிவைப்பார்கள்.

முதல் குறை: குறள் பேசுவது தன் தட்டுக்குத் தானே சொந்தக்காரனான ஆளிடம். நம் மாணவன் அப்படி இல்லை. பசித்தபின் சாப்பிடு என்கிறது குறள்; பள்ளியிலோ இடைவேளை மணி அடித்தால்தான் சாப்பிட முடியும். வீட்டில் பாட்டியோ அத்தையோ பரிமாறுவார்கள். “இன்னும் ஒரு கரண்டி வச்சுக்கோய்யா” என்னும்போது வேண்டாம் என்றால் பாசத்தையே வேண்டாம் என்ற மாதிரி ஆகிவிடுகிறது.

இங்கே மொழியாசிரியருக்கு ஒரு வேலை இருக்கிறது. 945ஆம் குறளில் ‘மறுத்து’ என்ற சொல் வருகிறது. மிகுதியாக விடாமல் தடுத்து உண்பதை அது குறிக்கும். நம் பிள்ளைகளுக்கு மரியாதையாக மறுக்கும் தமிழ் தெரியுமா? “போதும் பாட்டி, வயிறு நிறைஞ்சிருச்சு. ரொம்ப நல்லா இருந்துச்சு, ராத்திரிக்குக் கொஞ்சம் எடுத்து வைங்க” என்று சொல்லத் தெரிந்த பிள்ளை, அந்தக் குறளைப் புரிந்துகொண்ட பிள்ளை. கடையில் போய் “அங்கிள், சீனி கம்மியா ஒரு தே” என்று கேட்பதும் அதே பாடம்தான். காப்பிக் கடையில் ‘சியூ டாய்’ என்று நாமே சொல்கிறோம். அளவறிதல் அந்த இரண்டு சொல்லில் இருக்கிறது.

இரண்டாவது குறை: குறைவாக உண்பதன் இன்பத்தை 946 சொல்கிறது. உடல் மெலிய வேண்டும் என்று காலைச் சாப்பாட்டையும் மதியச் சாப்பாட்டையும் விட்டுவிடும் பதின்ம வயதுப் பிள்ளை இதைத் தனக்குச் சாதகமாக எடுத்துக்கொள்ளக்கூடும். ஆகவே 946ஐத் தனியாகக் கற்பிக்கக்கூடாது. மிகுந்தாலும் நோய், குறைந்தாலும் நோய் என்று இரண்டு பக்கத்தையும் சொல்லும் 941ஓடு சேர்த்தே வைக்கவேண்டும்.

மூன்றாவது குறை: உடலுழைப்பு, ஓட்டம், விளையாட்டு பற்றி இந்த அதிகாரம் நேராக எதுவும் சொல்வதில்லை. 941க்கு உரை எழுதும்போது பரிமேலழகர் உணவோடு செயல்களையும் சேர்த்துக்கொள்கிறார். ஆனால் அவர் சொல்வது மனம், மொழி, மெய் இவற்றால் செய்யும் தொழிலில் வருந்துமுன் நிறுத்திக்கொள்வதைப் பற்றியது. அதை இழுத்துப் பிடித்து ‘வள்ளுவர் அன்றே உடற்பயிற்சியை வலியுறுத்தினார்’ என்று எழுதுவது சரியில்லை. இல்லாததை இருப்பதாகச் சொல்லும் மேற்கோளால் கட்டுரைக்கும் பயனில்லை, குறளுக்கும் பெருமையில்லை.

பாரதி ஏன் காரணம் சொல்லவில்லை?

உடலசைவுக்கு நாம் போகவேண்டிய இடம் பாரதியாரின் பாப்பாப் பாட்டு. சின்ன வகுப்பில் பாடிவிட்டு மறந்துவிடுகிறோம். உயர்நிலை மாணவர்கள் அதைத் திறனாய்வுக் கண்ணோடு மறுபடி படிக்கவேண்டும்.

பாட்டுத் தொடக்கத்திலேயே குழந்தையை ஓடவும் விளையாடவும் கூப்பிடுகிறார். சும்மா இருக்கக்கூடாது என்கிறார். ஏன் ஓடவேண்டும்? நோய் வராமல் இருக்கவா, எடை குறையவா? பாரதி காரணமே சொல்லவில்லை. குழந்தைக்கு விளையாட்டு, மருந்து மாதிரி கண்ணை மூடிக்கொண்டு விழுங்கும் பொருள் இல்லை என்று அவருக்குத் தெரிந்திருக்கிறது. நம் கட்டுரைகளிலோ ‘உடற்பயிற்சி’ என்று வந்தாலே அது நோய்த்தடுப்புக் கருவியாக மட்டும் வருகிறது. காற்பந்து, பூப்பந்து, தொடுவிளையாட்டு, சைக்கிள், புளோக்கின் கீழே தம்பியோடு பந்து உதைப்பது எல்லாம் ஒரே சொல்லுக்குள் அடங்கிச் செத்துப்போகின்றன.

இன்னொன்றும் கவனிக்கலாம். கூடி விளையாடச் சொன்ன கையோடு, எந்தக் குழந்தையையும் ஏசாதே என்கிறார் பாரதி. விளையாட்டையும் ஏசாமையையும் ஒரே மூச்சில் சேர்த்த இந்த இடம் எனக்கு மிகப் பெரியதாகப் படுகிறது. திடலில் மெதுவாக ஓடும் பிள்ளைக்கு அணியில் கடைசியாகத்தான் இடம் கிடைக்கும், பட்டப்பெயர் முதலிலேயே கிடைத்துவிடும். ஒரு பிள்ளை விளையாட்டை விட்டு ஒதுங்குவது பல நேரம் சோம்பலால் அல்ல, பட்டப்பெயரால்.

பிறகு ஒரு நாளைப் பிரித்துக் காட்டுகிறார்: காலையில் படிப்பு, அதன்பின் மனத்துக்கு இதமான பாட்டு, மாலை நேரத்தை அப்படியே ஆட்டத்துக்கு விட்டுவிடுகிறார். 5 முதல் 17 வயதுள்ளவர்கள் சராசரியாக நாளுக்கு 60 நிமிடமாவது மிதமான அல்லது கடுமையான உடலசைவில் ஈடுபடவேண்டும் என்று உலகச் சுகாதார நிறுவனம் 2020இல் வெளியிட்ட வழிகாட்டி சொல்கிறது. நம் மாணவனின் மாலையில் அந்த 60 நிமிடம் எங்கே இருக்கிறது? இந்தக் கேள்விக்கு அவனே தன் கால அட்டவணையைப் பார்த்து விடை எழுதினால் கட்டுரைக்கு ஒரு பத்தி கிடைத்துவிடும்.

‘குண்டு’ என்ற சொல்லும் வகுப்பில் உட்கார்ந்திருக்கும் பிள்ளையும்

சிங்கப்பூர்ப் பள்ளிகளில் 1992 முதல் 2007 வரை ‘டாஃப்’ என்று அழைக்கப்பட்ட திட்டம் ஒன்று நடந்தது. எடை கூடிய மாணவர்களைத் தனியே பிரித்துக் கூடுதல் உடற்பயிற்சி கொடுத்தார்கள். நோக்கம் நலம்தான். ஆனால் அந்த மூன்று ஆங்கில எழுத்தைத் திருப்பிப் படித்தால் ‘ஃபேட்’ என்று வரும். பிள்ளைகள் அதைக் கண்டுபிடிக்க எவ்வளவு நேரம் ஆகும்? 2007இல் அத்திட்டம் கைவிடப்பட்டு, எல்லா மாணவர்களின் உடல், மன, சமூக நலத்தையும் சேர்த்துப் பார்க்கும் அணுகுமுறை வந்தது. இன்று முப்பதுகளில் இருக்கும் பெற்றோர் பலருக்கும் ஆசிரியர் பலருக்கும் அந்தப் பெயர் இன்னும் நினைவிருக்கும்.

திட்டம் போய்விட்டது. அதன் மொழி நம் மாதிரிக் கட்டுரைகளில் இருக்கிறது. ‘குண்டாகிவிடுகின்றனர்’, ‘பார்ப்பவர்கள் நகைப்பர்’, ‘சோம்பேறிகள்’ என்ற வாக்கியங்களை ஒரு மாணவியை எழுந்து நின்று வாசிக்கச் சொல்கிறோம். அதே வகுப்பில் எடை கூடிய ஒரு பிள்ளை தலை குனிந்து உட்கார்ந்திருக்கும். வாசித்தவளுக்கு மதிப்பெண் கிடைக்கும். கேட்ட பிள்ளைக்கு என்ன கிடைக்கும்? அந்தப் பிள்ளை அடுத்த வாரம் சிற்றுண்டிச்சாலையில் சாப்பிடாமல் இருக்கும், அல்லது ஒளிந்து சாப்பிடும். இரண்டுமே நாம் கற்பிக்க நினைத்ததற்கு நேர் எதிர்.

ஆகவே என் பரிந்துரை சாதாரணமானது. குறள் காட்டும் வழியையே பின்பற்றுவோம். செயலைப் பற்றி எழுதலாம், உடம்பைப் பற்றித் தீர்ப்பு எழுதவேண்டாம். ‘உடல் பருமன்’ என்பது மருத்துவச் சொல். நோய்க் காரணத்தை விளக்கும் இடத்தில் அது வரட்டும். ‘குண்டு’ வேண்டாம். பயிற்சித்தாளில் இருந்தால் அடித்துவிட்டுக் கொடுக்கலாம்.

வகுப்பில் செய்து பார்க்க

ஒன்று: தட்டு. சுகாதார மேம்பாட்டு வாரியத்தின் ‘மை ஹெல்தி பிளேட்’ படம் மாணவர்களுக்குப் பழக்கமானதே. பாதித் தட்டு காய்கறி, பழம். கால் பங்கு முழுதானியம். கால் பங்கு இறைச்சி, மீன், பருப்பு போன்றவை. தங்கள் வீட்டு நேற்றைய சாப்பாட்டை அந்தத் தட்டில் வரையச் சொல்லுங்கள். பெரும்பாலும் சோறு பாதித் தட்டைத் தாண்டும். “யாரையும் குறை சொல்லாம, எதை ஒரு கரண்டி குறைச்சு எதை ஒரு கரண்டி கூட்டலாம்?” என்று கேளுங்கள். இது 943.

இரண்டு: பானம். சிங்கப்பூரில் பொட்டல பானங்களுக்கு 2022 டிசம்பர் 30 முதலும், கடையில் அப்போதே தயாரித்துக் கொடுக்கும் பானங்களுக்கு 2023 டிசம்பர் 30 முதலும் ‘நியூட்ரி-கிரேட்’ முறை நடப்பில் இருக்கிறது. சீனியை மட்டும் பார்த்தால், 100 மில்லிலிட்டரில் 5 கிராமுக்கு மேல் 10 கிராம் வரை இருந்தால் ‘சி’, 10 கிராமைத் தாண்டினால் ‘டி’. 100 மில்லிலிட்டருக்கு 10 கிராம் சீனி உள்ள பானத்தை 250 மில்லிலிட்டர் குடித்தால் 25 கிராம். தேக்கரண்டிக்கு 5 கிராம் என்று வைத்தால் 5 தேக்கரண்டி. மாணவர்களே கணக்குப் போடட்டும். ‘சீனி கெடுதல்’ என்ற வாக்கியத்தைவிட இந்தக் கணக்கு மனத்தில் நிற்கும்.

மூன்று: பத்தியைத் திருத்துதல். மேலே கொடுத்த மாதிரிப் பத்தியை வகுப்பில் காட்டி, நான்கு குறைகளையும் மாணவர்களையே கண்டுபிடிக்கச் சொல்லி, மறுபடி எழுத வையுங்கள். இப்படி வரலாம்:

“பள்ளி முடிந்து துணைப்பாட வகுப்பு தொடங்க எனக்கு நாற்பது நிமிடம்தான் இருக்கும். பக்கத்து உணவங்காடி நிலையத்தில் சீக்கிரம் கிடைப்பது பொரித்த கோழியும் சோறும். முன்பெல்லாம் அதோடு ஒரு சீனிப் பானமும் வாங்குவேன். ஒரு நாள் அதில் ஐந்து தேக்கரண்டிச் சீனி இருப்பதைக் கணக்குப் போட்டுப் பார்த்தேன். இப்போது தண்ணீர்ப் போத்தலை எடுத்துப் போகிறேன். கோழியை விடவில்லை, வாரத்தில் இரண்டு நாள் மட்டும் மீன் சூப் மீ ஹூனுக்கு மாறியிருக்கிறேன்.”

இதில் பழமொழி இல்லை, அலங்காரமும் இல்லை. ஆனால் ஆள் இருக்கிறான், இடம் இருக்கிறது, காரணம் இருக்கிறது, அளவு இருக்கிறது. விருப்பப்பட்டால் குறள் கருத்தை இதற்குப்பின் ஒரு வாக்கியத்தில் சேர்க்கலாம். அப்போது மேற்கோள் ஒட்டுப்போட்டதாகத் தெரியாது.

நான்கு: வாய்மொழித் தேர்வு. காணொளியைப் பார்த்ததும் “ஆரோக்கியம் மிகவும் முக்கியமானது” என்று தொடங்குவதை விட்டுவிடச் சொல்லுங்கள். “இந்தக் காணொளியில ஒரு பையன் காய்கறிய ஒதுக்கி வைக்கிறான். என் தம்பியும் அப்படித்தான் செய்வான். ஆனா அவன் காய்கறி நறுக்க உதவி செஞ்ச அன்னைக்கு மட்டும் சாப்பிட்டுட்டான்” என்று இயல்பான பேச்சுத்தமிழில் தொடங்கினால் ஆசிரியரின் அடுத்த கேள்விக்கும் பதில் தானாக வரும். சொந்தமாகச் சொல்ல ஒன்று இருக்கும் மாணவனுக்குச் சொல் தட்டுப்பாடு குறைவு.

தேர்வு எழுதும் மாணவர்களுக்கு ஒன்று. மேற்கோள் தெரியும் என்பதற்காக மட்டும் அதை எழுதாதீர்கள். அந்தக் குறள் உங்கள் தட்டைப் பார்த்து என்ன கேட்கிறது என்று யோசித்துவிட்டு எழுதுங்கள். ஆசிரியர்களுக்கு ஒன்று. அடுத்த தவணையில் இந்தத் தலைப்பைக் கொடுக்கும்முன் ‘மருந்து’ அதிகாரத்தை முழுதாக ஒருமுறை வகுப்பில் படித்துவிடுங்கள். பத்தே குறள், ஒரு பாடவேளை போதும். அதற்கு முன், கையில் இருக்கும் பயிற்சித்தாளை எடுத்து, அதில் எத்தனை ‘வேண்டும்’, எத்தனை ‘கூடாது’, எத்தனை ‘எவ்வளவு’ என்று எண்ணிப் பாருங்கள்.